மலைக்கு நெய், மனைக்குப் பால்

கார்த்திகை மாதத்துத் தீபத் திருநாளின் அந்தி வேளையில், அர்த்தநாரீசுவரர் சில நிமிஷங்களே வெளியே எழுந்தருளித் தரிசனம் தந்துவிட்டுத் திரும்ப, அதே க்ஷணத்தில் 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் உச்சியிலே செப்புக் கொப்பரையில் ஏற்றப்படுகிற மகா தீபத்தைப் பற்றி எழுதாத பத்திரிகை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அந்த ஜோதி எதை உண்டு எரிகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். ஏறத்தாழ 3,500 கிலோ நெய்யும் 1,000 மீட்டர் காடாத் துணியால் முறுக்கிய திரியும் அதற்கு வேண்டியிருக்கின்றன. நூற்றுக்கு நாலு பங்கு கொழுப்புள்ள பசும்பாலிலிருந்து ஒரு கிலோ நெய் எடுப்பதற்கு இருபத்தைந்து லிட்டருக்குக் குறையாமல் பால் வேண்டுமாகையால், பதினொரு நாள் மலைமேல் நின்று எரியும் அந்தச் சுடருக்குள்ளே 87,500 லிட்டர் பால் அடங்கியிருக்கிறது.

விளக்குக்கும் கறவைக்கும் இருந்த சம்பந்தத்தை நம் முன்னோர்கள் மறக்கவில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்தால், ஒரு கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிவதற்கு 96 ஆடுகளை நிவந்தமாக விட்ட செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். மந்தையில் மூத்தவை போய்க் குட்டிகள் வளர்ந்து தொகை என்றும் குறையாமலே இருக்குமாகையால் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயரும் இட்டார்கள். இன்று திருவண்ணாமலையில் பக்தர்கள் நெய்க் காணிக்கையாகச் செலுத்துவது ரூபாயாக மாறிவிட்டபோதிலும், எந்த ஊரிலோ எந்தத் தொழுவத்திலோ ஒரு மாடு கறந்துதான் அந்தக் கொப்பரை நிரம்புகிறது என்பது மாறவில்லை.

இப்படிப் பாலின் சாரமெல்லாம் மலைக்குப் போய்விடுகிற ஊரில், அன்றைய தினம் வீடுகளின் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

கார்த்திகைக்கு உரிய பக்ஷணங்கள் இன்னவை என்பது எல்லோருக்கும் தெரியும். நெற்பொரியும் அவற்பொரியும் வெல்லப் பாகில் உருட்டிய பொரி உருண்டை, அப்பம், அடை ஆகிய இவை இல்லாத கார்த்திகை தமிழ் வீடுகளில் இல்லை. திருவண்ணாமலையில் இவற்றோடு இன்னொரு காரியமும் சேர்கிறது. விடியற்காலை நாலு மணிக்குப் பரணி தீபம் ஏற்றும்போது தொடங்கிய உபவாசத்தை மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் சுடர் தெரிந்தபிறகே முடிக்கிறவர்கள் பலர். பகல் முழுதும் வெறுமையாய்க் கிடந்த வயிற்றுக்கு எண்ணெயில் பொரித்த அப்பத்தைவிடப் பாலிலே செய்த பதார்த்தம் ஒன்று முதலில் போவதுதான் உசிதம் என்பதைச் சொல்லிக்கொடுக்க வைத்தியர் வேண்டியதில்லை. பாலுக்கு அழுத வியாக்கிரபாதரின் குழந்தைக்குப் பாற்கடலையே அழைத்துக் கொடுத்ததாகப் புராணம் புகழும் சிவபெருமானுக்கு, பாலில் செய்த நைவேத்தியத்தைக் கண்டால் ஆக்ஷேபம் இருக்கவும் நியாயமில்லை.

ஆனால் எதைச் செய்வது? இங்கேதான் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு; அதைச் சொல்வதற்காகவே இவ்வளவு பீடிகை. ஐப்பசியில் தீபாவளி வந்து போய்ச் சில வாரங்கள்தான் ஆகியிருக்கின்றன. அட்டைப் பெட்டிகளில் வந்த பேடாவும் பர்பியும் ‘மில்க் ஸ்வீட்’ என்று பொதுப்பெயர் சூட்டப்பட்ட சதுரங்களும் வீட்டில் எல்லோருக்கும் அலுத்துப்போயிருக்கின்றன. அதே பண்டங்களை மறுபடி வீட்டில் செய்து பார்த்து, கடையில் இருப்பதுபோலவே வந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவதில் என்ன பிரயோஜனம்? கடைக்காரருக்குத் தம்முடைய சரக்கு நாலு நாளாவது தாங்கவேண்டும்; பெட்டிக்குள் அடுக்கினால் உதிராமலும், பஸ்ஸில் போனால் கசியாமலும் இருக்கவேண்டும். அதற்காகச் சர்க்கரையைச் சற்றுத் தாராளமாகப் போடுகிறார், ஈரத்தை நன்றாகச் சுண்ட வைக்கிறார். அது வியாபாரத்துக்கு உரிய நியாயம். அதில் குற்றம் காண்பதற்கில்லை. வீட்டுக்கு அந்தக் கட்டாயம் ஒன்றுமில்லை. இன்று செய்து இன்றே தீர்ந்துபோகிற, அல்லது மிஞ்சினால் மூன்றாம் நாளைத் தாண்டாத பால் பண்டங்கள்தாம் வீட்டிலே செய்யத் தக்கவை. அவற்றை எந்தக் கடையும் நல்ல நிலையில் விற்க முடியாது. திரட்டுப்பால், பாசந்தி, பால் கொழுக்கட்டை ஆகிய இந்த மூன்றும் வீட்டுக்கே உரிய சொத்து.

முதலில் பாலைப் பற்றிச் சொல்லவேண்டும். செங்கம், போளூர், ஆரணி, தண்டராம்பட்டு என்று எந்தத் திசையில் புறப்பட்டாலும், திருவண்ணாமலை ஜில்லாவில் கறவை மாடு கட்டாத கிராமத்தைப் பார்ப்பது அரிது. மானாவாரி நிலம் ஏமாற்றிய வருஷங்களில் குடும்பத்தைத் தாங்கியது மாடுதான் என்று இங்குள்ள குடியானவர்கள் சொல்வார்கள். தீபத் திருவிழாவை ஒட்டி இந்த ஊரில் மாட்டுச் சந்தை கூடுவதும் அதன் காரணமாகத்தான். கிராமத்துப் பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நாலு பங்கை ஒட்டியும், எருமைப் பாலில் ஆறிலிருந்து எட்டுப் பங்கு வரையிலும் இருக்கும். தண்ணீரை நீக்கிவிட்டால் எஞ்சுகிற திடப்பொருள், பசும்பாலில் நூற்றுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ; எருமைப் பாலில் பதினாறு. கோவா கிளறுகிறவர்கள் எருமைப் பாலையே தேடுவது இதனால்தான். சேனா என்கிற பால்கட்டியைப் பிழிந்து ரஸகுல்லா செய்கிற வங்காளத்தார் மட்டும் பசும்பாலைக் கேட்கிறார்கள். எருமைப் பாலின் கட்டி இறுகிப்போய் மிருதுத்தன்மை வாராது.

பால்காரர் வாடிக்கை இல்லாத வீடுகளில் ஆவின் ஆரஞ்சு நிற உறையை வாங்கினால் போதும். அதில் கொழுப்பு நூற்றுக்கு ஆறும் மற்றத் திடப்பொருள் ஒன்பதும் இருக்கின்றன; எருமைப் பாலுக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். நீல உறையில் வருகிற பாலைக் கொண்டு திரட்டுப்பாலுக்கு உட்காருவது கையைக் கடுக்க வைக்கிற வேலையே ஒழிய வேறில்லை.

கிடைக்கிற அளவைப் பற்றியும் பிரமை கூடாது. இரண்டு லிட்டர் ஆரஞ்சு உறைப் பாலில் ஏறத்தாழ 300 கிராம் திடப்பொருள் இருக்கும். சுண்டி இறக்கும்போது சிறிது ஈரமும் தங்குவதால், கோவாவாக 400 கிராமுக்குச் சற்று மேல் கைக்கு வரும். அதில் வெல்லம் சேர்ந்தால் 600 கிராம். தீபத்துக்கு வந்து இறங்கிய உறவினர்கள் இருபது பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தால், ஆளுக்கு ஒரு கரண்டி வைப்பதோடு பாத்திரம் காலியாகிவிடும். அதில் பெரியவர் சிறியவர் என்று பார்ப்பதற்கு இடமில்லை.

இதை எழுதும்போது இதே ஊர் ரமணாச்ரமத்தின் நினைவு வருகிறது. பகவான் ரமணர் விடியுமுன்னே சமையற்கட்டுக்கு வந்து காய்கறி நறுக்குவார், அரைப்பார், கிளறுவார். ஆனால் பந்தியில் மற்றவர்களுக்கு விழுந்ததைக் காட்டிலும் தமக்கு ஒரு துளி கூடுதலாகப் பரிமாறப்பட்டாலும் ஏற்கமாட்டார். 1926-ஆம் வருஷம் கன்றாக ஆச்ரமத்துக்கு வந்த லக்ஷ்மி என்ற பசு 1948 ஜூன் 18-ஆம் தேதி மரித்தபோது, ஆச்ரமத்துக்குள்ளேயே அதற்குச் சமாதி எழுந்தது. அதற்காக ரமணரே ஒரு வெண்பாவும் எழுதினார். பால் கொடுத்த பிராணிக்கு இவ்வளவு மரியாதை நடந்த ஊரில், ஒரு கரண்டித் திரட்டுப்பாலை அலக்ஷியமாய்த் தட்டில் மிச்சம் வைப்பவனைக் கண்டால் கிழவிகளுக்குக் கோபம் வருவது நியாயமே.

இனித் திரட்டுப்பால். வெண்கல உருளி இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் அடி கனத்த, வாய் அகன்ற வாணலி. வாய் அகன்றிருக்கவேண்டிய காரணம், பால் சுண்டுவது என்பது முழுக்க முழுக்க ஆவி வெளியேறும் காரியம். குறுகிய வாயுள்ள குக்கரில் ஊற்றி வைத்துவிட்டு அடுப்பைப் பழித்துக்கொண்டிருப்பதில் லாபமில்லை. உருளியைத் தண்ணீரால் நனைத்து, அந்த ஈரம் காயுமுன் பாலை ஊற்றவேண்டும். முதல் கொதி வரும்வரையில் தீ பெரிதாக இருக்கலாம். சில வீடுகளில் பாலுக்கு அடியில் சிறிய எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போடுகிறார்கள். கொதியில் அது ‘கடகட’வென்று ஆடிக்கொண்டே இருப்பதால் பால் அடியில் உறைவதில்லை, பொங்கினால் அதன் சப்தமே எச்சரித்துவிடுகிறது. ஆனால் பால் பாதியாகச் சுண்டியபிறகு தட்டை எடுத்துவிட்டுக் கரண்டியைப் பிடித்தாகவேண்டும். அப்புறம் கையை எடுப்பதற்கில்லை.

மாட வீதியை அடுத்த ஒரு வீட்டிலே, தீபத்தன்று காலை இந்த வைபவத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. வெளியே தெருவெல்லாம் ஜனசமுத்திரம். உள்ளே, காஸ் அடுப்பின் முன் மருமகள் நின்றுகொண்டு மரத் துடுப்பால் கிளறுகிறாள்; நிலைப்படியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மாமியாருக்குக் கண்பார்வை மங்கல், ஆனாலும் உருளிக்குள் நடப்பது அத்தனையும் அவருக்குக் காதால் தெரிகிறது. முதலில் பால் கொதிக்கிற சப்தம் இடைவிடாத சளசளப்பு. சுண்டச் சுண்ட அது குறைந்து, கடைசியில் விட்டுவிட்டுப் ‘பொளக், பொளக்’கென்று கெட்டியான குமிழிகள் உடைகிற ஒலியாக மாறுகிறது. “தீயைக் குறைச்சுக்கோ கண்ணு” என்கிறார் மாமியார். துடுப்பின் முனை உருளியின் அடியைச் சுரண்டும் ஓசையில் ஒரு கரகரப்பு ஏற்பட்டால், “அடியிலே புடிக்குது பாரு, சுத்திச் சுரண்டிக் கிளறு” என்கிறார். பாலின் வெண்மை தந்த நிறத்துக்கும், தந்தம் சந்தன நிறத்துக்கும் மாறி வருகிறது. பாலில் இயல்பாகவே நூற்றுக்கு ஐந்து பங்கை ஒட்டிச் சர்க்கரை உண்டு. அது புரதத்தோடு கலந்து நெடுநேரம் காய்வதால் வருகிற நிறமும் மணமும் அவை. காய்ச்சுகையில் பொறுமையிழந்து தீயைப் பெருக்கினால் அதே மணம் ஒரே நிமிஷத்தில் காந்தலாகிவிடும். காந்திய பாலைச் சீர்படுத்த ஏலக்காயினாலும் ஆகாது.

பால் கால்பங்குக்கு வந்ததும் வெல்லம். அதைத் தனியே கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண்ணும் கரும்புத் துரும்பும் போக வடிகட்டி வைத்திருந்தாள். அந்தக் கரைசல் உள்ளே விழுந்த மாத்திரத்தில், அதுவரை வழவழப்பாக இருந்தது சட்டென்று பிரிந்து சிறுசிறு குறுணைகளாயிற்று. “அத்தை, திரிஞ்சு போச்சே!” என்று பதறினாள் அந்தப் பெண். “திரியட்டும் கண்ணு, திரிஞ்சாத்தான் மணல் மணலா வரும். கையை மட்டும் நிறுத்தாதே” என்றார் அத்தை.

திரட்டுப்பாலின் ரகசியம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பால் திரிந்துபோவதை நம் வீடுகளில் அபசகுனமாக நினைப்பது வழக்கம்; விசேஷ நாளில் பால் திரிந்துவிட்டால் யாரும் வெளியே சொல்லவும் மாட்டார்கள். அதே ஜனங்கள், வளைகாப்பிலும் கல்யாணத்திலும் முதல் மரியாதை பெறுகிற ஒரு பக்ஷணத்துக்கு, வேண்டுமென்றே வெல்லத்தைப் போட்டுப் பாலைத் திரிய வைக்கிறார்கள்! வெல்லத்தில் சிறிதளவு புளிப்புத்தன்மையும் தாது உப்புகளும் உண்டு. சூடான பாலின் புரதத்தை அவை கூட்டாக உடைத்துவிடுகின்றன. பால் தண்ணீராக இருக்கும்போது உடைந்தால் கட்டி வேறு, தெளிவு வேறாகப் பிரிந்து காரியம் கெடும். நன்றாகச் சுண்டியபிறகு உடைந்தாலோ பிரிந்து ஓடத் தண்ணீர் இல்லாமையால் குறுணைகள் வெல்லப் பாகை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே நிற்கும். நேரம் பார்த்துச் செய்தால் அபசகுனமும் ருசியாகிறது.

வெல்லம் விழுந்ததும் எல்லாம் ஒருமுறை இளகி நீர்த்துக்கொள்ளும், கெட்டுவிட்டதென்று பயப்படவேண்டாம். மறுபடி இறுகி, துடுப்போடு சேர்ந்து திரண்டு வந்து, உருளியின் ஓரங்களில் நெய் பளபளக்கத் தொடங்கும்போது இறக்கலாம். நெய்யைத் தனியாக ஊற்றுவது என் ருசிக்கு அநாவசியம். ஆரஞ்சு உறைப் பாலிலோ எருமைப் பாலிலோ தன் நெய்யே வேண்டிய அளவு வெளியே வரும். இரண்டு லிட்டர் பாலுக்கு 200 கிராம் வெல்லத்துக்கு மேல் போனால் பாலின் ருசி மறைந்து வெல்லத்தின் ருசியே மிஞ்சும். வெல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பார்க்க மஞ்சளாய் மினுமினுக்கிறதை விட்டுவிட்டுக் கறுத்ததை வாங்குவதே நல்லது. வெளுப்பாக இருக்கவேண்டுமென்று பாகில் ரஸாயனப் பொடி போடுகிறவர்கள் உண்டு.

இரண்டு லிட்டர் பாலுக்கு இவ்வளவு வேலையா என்று கேட்பவர்களுக்குப் பால் கொழுக்கட்டையைச் சிபாரிசு செய்கிறேன். பச்சரிசி மாவைக் கொதிநீர் விட்டுப் பிசைந்து, சுண்டைக்காய் அளவில் உருட்டி, பால் தளதளவென்று கொதிக்கும்போது கொஞ்சங் கொஞ்சமாகப் போடவேண்டும்; கொதியாத பாலில் போட்டால் கரைந்து கஞ்சியாகிவிடும். உருண்டைகள் வெந்து மேலே மிதந்து வந்தபிறகு அடுப்பை அணைத்து, சூடு சற்றுத் தணிந்ததும் வெல்லக் கரைசலையும் ஏலப் பொடியையும் சேர்ப்பது முறை. திரட்டுப்பாலில் நாம் வலிந்து வரவழைத்த அந்தத் திரிதல் இங்கே வரவே கூடாது. அதனால்தான் தீயில் இருக்கும்போது வெல்லத்தைப் பாலின் பக்கமே காட்டுவதில்லை. கூடத்தில் இருபது பேர் இருந்தாலும் ஒரு லிட்டர் பாலில் எல்லோருக்கும் அரைக் கிண்ணமாவது வரும். குழந்தைகளை உருட்டச் சொல்லிவிட்டால் உருண்டைகள் ஒன்றுபோல் ஒன்று இராது என்பதைத் தவிர வேறு நஷ்டமில்லை.

பாசந்தியோ இவ்விரண்டுக்கும் நேர் மாறான சுபாவம் உடையது. திரட்டுப்பாலுக்குக் கை ஓயக்கூடாதென்றால், பாசந்திக்குக் கை அடங்கியிருக்கவேண்டும். அகன்ற வாணலியில் மெல்லிய தீயின் மேல் பாலை வைத்து, மேலே படிகிற ஆடையைக் கலைக்காமல் கரண்டியின் முதுகால் மெதுவாக ஓரத்துக்கு ஒதுக்கி, சுவரோடு ஒட்டவைத்து, மறுபடி ஆடை படிய விட்டு, மறுபடி ஒதுக்கவேண்டும். இப்படியே ஒதுக்கி ஒதுக்கி, பால் மூன்றில் ஒரு பங்கானதும் அளவாகச் சர்க்கரை சேர்த்துக் கரைந்தபின், ஓரத்து ஆடைகளையெல்லாம் வழித்து உள்ளே தள்ளி இறக்கிவிடவேண்டும். ஆடை இழை இழையாகப் பல்லில் அகப்பட்டால்தான் பாசந்தி. இல்லாவிட்டால் அது கெட்டிப் பால், அவ்வளவே. சுறுசுறுப்பானவர்கள் செய்கிற பாசந்தி சிலாக்கியமாய் இராது என்பது என் அநுபவம். குங்குமப்பூ கிடைத்தால் இரண்டு இழை, கிடைக்காவிட்டால் அதன் பெயரால் விற்கிற சாயத்தை நாடவேண்டியதில்லை.

வடதேசத்துச் சேனாப் பண்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கல்கத்தாவின் பாக்பஜாரில் நவீன் சந்திர தாஸ் 1868-ஆம் வருஷம் ரஸகுல்லாவை உருவாக்கியதாக வங்காளத்தார் சொல்ல, பூரி ஜகந்நாதர் கோயிலில் அதற்கு வெகுகாலம் முன்பே நைவேத்தியமாக இருந்ததென்று ஒடியாக்காரர்கள் வாதிட, கடைசியில் 2017-இல் வங்காளத்துக்கும் 2019-இல் ஒடிஸாவுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு கொடுத்துச் சமாதானம் செய்யவேண்டியதாயிற்று. அந்த வங்காளத்திலேயே 1965-ஆம் வருஷம், ஜனங்களுக்குக் குடிக்கப் பால் போதவில்லை என்று, சேனாவால் பண்டம் செய்வதை மாகாண அரசாங்கம் தடை செய்தது. பாலைக் குடிப்பதா, தித்திப்பாக்குவதா என்பது ஒரு காலத்தில் ராஜாங்கக் கேள்வியாகவே இருந்தது. 1970-இல் தொடங்கி 1996 வரையில் நடந்த வெண்மைப் புரட்சிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இது கதைபோலத் தோன்றும். ரஸகுல்லாவை வீட்டில் செய்யலாம், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆயினும் டப்பாவில் அடைத்தாலும் கெடாமல் வருகிற ஒரு பண்டத்துக்காகத் தீபத்தன்று அரைநாளைச் செலவிடுவானேன்?

பால்கோவாவின் விஷயத்தில் எனக்குச் சிறிது தயக்கம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் தவிர மூன்றாவது பொருள் அதில் இல்லை. ஆண்டாள் பிறந்த ஊர் பாலினால் பெயரெடுத்ததில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நேர்ந்துகொண்டவள் அவள். அந்தப் பிரார்த்தனையைப் பல காலம் கழித்து இராமாநுஜர் நிறைவேற்றி வைத்ததாக வைஷ்ணவர்கள் சொல்வார்கள். நல்ல இடத்துப் பால்கோவா அகப்படுகிறவர்கள் அதை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். ஆனால் வீட்டில் குலாப் ஜாமூனுக்கோ வேறெதற்கோ கடையில் சாதாரணக் கோவா வாங்குகிறவர்கள் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்து, அதில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டுப் பார்க்கட்டும். நீலம் பாய்ந்தால் மாவு கலந்திருக்கிறது. பண்டிகைக் காலங்களில் இந்த எச்சரிக்கை அவசியம்; தேவை திடீரென்று பெருகும்போது மாடுகள் கூடுதலாகக் கறந்துவிடுவதில்லையே.

திருவண்ணாமலை வீடுகளுக்கு உள்ள விசேஷ சங்கடம் நேரத்தைப் பற்றியது. ஏழாம் நாள் தேரோட்டம் முடிந்தது முதலே ஊரில் கூட்டம் பெருகி, தீபத்தன்று வெளியூர் பஸ்களெல்லாம் ஊருக்குப் புறத்தே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வண்டிகளுக்கு இடமில்லை. பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுதும் ஜனங்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். கிராமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் கேன் கட்டி வருகிற பால்காரர் அன்று எந்தத் தெரு முனையில் நிறுத்தப்படுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகையால் அநுபவமுள்ள குடும்பங்கள் முந்தின நாள் மாலையே பாலை வாங்கிவிடுகின்றன. குளிர்ப்பெட்டி வருவதற்கு முந்திய காலத்தில் ராத்திரியே திரட்டுப்பாலைக் கிளறி வைத்தார்கள். கார்த்திகைக் குளிரில் அது மறுநாள் மாலைக்குள் கெடுவதில்லை, சொல்லப்போனால் ஒரு ராத்திரி ஊறினால் வெல்லம் உள்ளே இறங்கி ருசி கூடும்.

இன்னொரு நிர்ப்பந்தமும் உண்டு. மலைமேல் தீபம் தெரிந்தபிறகுதான் இவ்வூர் வீடுகளில் அகல் ஏற்றுவது வழக்கம். ஆறு மணிக்குச் சற்று முன்னாலிருந்தே மொட்டைமாடியில் ஆண், பெண், குழந்தை எல்லோரும் மலையைப் பார்த்து நிற்பார்கள். பர்வதராஜ குலத்தார் உச்சியில் சுடரை ஏற்றியதும் ஊர் முழுதும் ஒரே குரலாக ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ எழும். அந்த நேரத்தில் எந்தப் பெண்ணும் அடுப்படியில் துடுப்பும் கையுமாக நிற்க விரும்பமாட்டாள், விரும்பவும் கூடாது. எனவே பாசந்தி பகலிலேயே இறங்கி ஆறவேண்டும். பால் கொழுக்கட்டைக்கு உருண்டைகளை உருட்டி ஈரத்துணியால் மூடி வைத்து, நாலரை மணிக்கு மேல் வேகவைத்தால் போதும். ‘சமைத்துப் பார்’ என்று 1951-ஆம் வருஷம் எஸ். மீனாக்ஷி அம்மாள் புஸ்தகம் எழுதியபோது ஆழாக்குக் கணக்குத் தெரியாத மருமகள்களை உத்தேசித்தார். இன்றைய மருமகளுக்கு அளவு கைப்பேசியிலேயே கிடைத்துவிடுகிறது, எந்த மணிக்கு எதை அடுப்பில் ஏற்றுவது என்பதை மட்டும் அந்தந்த ஊரில் பழகியவர்தாம் சொல்லவேண்டியிருக்கிறது.

தீபம் கண்டு, வாசலில் அகல் வரிசை வைத்து, நைவேத்தியம் முடிந்து இலை போடும்போது மணி ஏழு ஆகிவிடும். உபவாசம் இருந்தவர்களுக்கு முதலில் திரட்டுப்பால் அல்லது பால் கொழுக்கட்டை; அப்பமும் அடையும் அப்புறந்தான். பாசந்தி சாப்பாட்டின் முடிவில் வரட்டும், ஆறிய பின்னரே அதற்கு அழகு. உருளியின் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் சுரண்டல் யாருக்கு என்ற வழக்கு பல வீடுகளில் வருஷந்தோறும் நடக்கிறது. கிளறினவளுக்கே அது சேரவேண்டும் என்பது என் தீர்ப்பு. ஆனால் நான் கண்டவரையில் குழந்தைகள் அப்பீலுக்குப் போய் ஜெயித்துவிடுகிறார்கள்.

மறுநாள் முதல் அய்யங்குளத்தில் தெப்பம் தொடங்குகிறது. அதையும் பார்த்துவிட்டு ஊருக்குப் புறப்படுகிற உறவினர்கள் உண்டு. அவர்கள் கையில் கொடுத்தனுப்பத் திரட்டுப்பால் ஒன்றே லாயக்கு. முழுதும் ஆறியபிறகு, ஈரமில்லாத எவர்சில்வர் சம்படத்தில் அழுத்தி நிரப்பி, ஈரக் கரண்டி படாமல் எடுத்துச் சாப்பிடச் சொல்லி அனுப்பினால், இந்தக் குளிருக்கு மூன்று நாள் தாங்கும். பாசந்தி மிஞ்சியிருந்தால் அதைப் பஸ்ஸில் ஏற்றவேண்டாம். புறப்படுகிறவர்களை ஐந்து நிமிஷம் உட்காரவைத்து, அங்கேயே சாப்பிட வைத்து அனுப்பிவிடுங்கள்.